சுலைமானியேவுக்கு இன்னொரு தடவை போ

அழகப்பனுக்கு ஆத்தா எழுதுவது. நாங்கள் நலம். அப்பச்சிக்கு முட்டுவலி தேவலை.

நீ அனுப்பிய படங்களை முகப்பில் உட்கார்ந்து பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தோம். படிப்புக்கு நடுவில் நீ துருக்கியில், இஸ்தான்புல்லில் இருக்கும் சுலைமானியே பள்ளிவாசலுக்குப் போனதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஆனால் கூட்டம் என்று சீக்கிரமே வெளியே வந்துவிட்டாயாமே! இன்னொரு தடவை போ, தம்பி. அந்தக் கட்டடத்தைப் பற்றித் தேடிப் படித்ததிலிருந்து எனக்கு மனசு கேட்கவில்லை.

சுல்தான் சுலைமானுக்காக சினான் என்ற கட்டடக் கலைஞர் 1550இல் தொடங்கி 1557இல் முடித்தது. குவிமாடத்தின் உயரம் சுமார் 53 மீட்டர். அதை அண்ணாந்து பார்த்திருப்பாய். வாசலுக்கு மேலே இருக்கும் சின்ன அறையைக் கவனித்தாயா? அந்தக் காலத்தில் உள்ளே எரிந்ததெல்லாம் எண்ணெய் விளக்கு. அந்தப் புகை சுவரில் படியாமல், காற்றோட்டத்திலேயே அந்த அறைக்குப் போய்ச் சேரும்படி சினான் கட்டியிருக்கிறார். அங்கே படிந்த கரியைச் சுரண்டியெடுத்து எழுதுகிற மை செய்திருக்கிறார்கள்.

இதைப் படித்ததும் உன் அப்பத்தா நினைவுதான் வந்தது. நீ கைக்குழந்தையாக இருந்தபோது வெள்ளைத் துணியைக் கரிசலாங்கண்ணிச் சாற்றில் நனைத்து, நிழலில் உலர்த்தித் திரி திரித்து, விளக்கெண்ணெயில் ஏற்றுவார். மேலே பித்தளைத் தட்டைக் கவிழ்த்து, விடிந்ததும் கரியை வழித்துக் குழைத்து உனக்கு மை இடுவார். அப்பத்தா தட்டில் பிடித்ததை அந்த மனிதர் அவ்வளவு பெரிய மண்டபத்தில் பிடித்திருக்கிறார்!

பள்ளிவாசலோடு மருத்துவமனை, மதரசாக்கள், ஏழைகளுக்குச் சோறு போடும் கூடம் எல்லாம் சேர்த்தே கட்டியிருக்கிறார்கள். காசியில் நம் நகரத்தார் சத்திரத்தில் சாப்பிட்டவன் நீ. தொழ வருகிறவருக்கு முதலில் வயிறு நிறைய வேண்டும் என்று நினைத்தவர்களை உனக்குச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. அதையும் சுற்றிப் பார்.

அப்புறம், சுல்தானின் சமாதி உள்ளே தோட்டத்தில் இருக்கிறது. சினானுடையது மதிலுக்கு வெளியே ஒரு மூலையில், சின்னதாக. 1588இல் காலமானார். எல்லோரும் சுல்தானைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்களாம். நீ அங்கேயும் போய்க் கும்பிட்டுவிட்டு வா.

வெள்ளிக்கிழமை மதியம் ஜும்மா நேரத்தில் போகாதே, தொழுகிறவர்களுக்கு இடைஞ்சல். அரைக்கால் டவுசர் வேண்டாம், முழுக்கால் சட்டை போட்டுக்கொள். அந்தக் கரி அறையைப் பார்க்க விடுவார்களா என்று அங்கே இருப்பவர்களிடம் மரியாதையாகக் கேள். விட்டால் எனக்கு ஒரு படம் அனுப்பு.

ஆத்தா