சிற்றூர்களுக்கும் பூங்கொத்து அனுப்புவதாகச் சொல்லும் நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

இணையத்தில் பூங்கொத்து ஆர்டர் எடுக்கும் நிறுவனங்களின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். வயல்களுக்கு நடுவே அமைந்த ஒரு சிறிய ஊரில் வாழும் உறவினருக்குப் பிறந்தநாளன்று பூ அனுப்ப நினைப்பவர் அந்த ஊரின் பெயரை இணையத்தில் தேடினால், உங்களைப் போன்ற நிறுவனங்களின் பக்கங்களே வரிசையாக முன்னால் வந்து நிற்கின்றன. ஊரின் பெயர் தலைப்பிலேயே பெரிதாக இருக்கும். ‘உங்கள் ஊர்ப் பூக்கடை’ என்றும் ‘இன்றே டெலிவரி’ என்றும் அதன் கீழே எழுதியிருக்கும். அந்த ஊரில் உண்மையிலேயே ஒரு பூக்கடை உண்டா, பூங்கொத்தைக் கட்டப்போவது யார், அது எங்கிருந்து எந்த வண்டியில் வரும் என்பவை மட்டும் பணம் செலுத்தி முடிக்கும் வரை எங்கும் தென்படுவதில்லை. பணம் வாங்குவதற்கு முன்பே இவற்றைச் சொல்லிவிடுங்கள் என்று கேட்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இந்தத் தொழில் தொடங்கிய காலத்தில் இப்படி ஒரு கோரிக்கைக்கே தேவை இருந்திருக்காது. 1908-இல் பெர்லினைச் சேர்ந்த பூக்கடைக்காரர் மாக்ஸ் ஹ்யூப்னர் முன்னின்று அமைத்த, வெவ்வேறு ஊர்க் கடைகள் ஆர்டர்களைப் பரிமாறிக்கொள்வதற்கான சங்கம்தான் பின்னாளில் ஃப்ளூராப் என்ற பெயரில் அறியப்பட்டது. 1910-இல் அமெரிக்காவில் பூக்கடைக்காரர்கள் சிலர் ஒன்றுகூடி, தந்தி மூலம் ஒருவருக்கொருவர் ஆர்டர்களை அனுப்பிக்கொள்ள ஓர் அமைப்பை ஏற்படுத்தினார்கள். வெகுதொலைவிலிருந்து வந்து சேர்ந்தது தந்தி மட்டுமே. பூவை அந்தந்த ஊர்க் கடைக்காரரே தம் கடையிலிருந்து எடுத்துக் கட்டி, தம் ஆளிடம் கொடுத்து அனுப்பினார். ஆர்டர் வாங்கியவருக்கும் அதை நிறைவேற்றியவருக்கும் ஒருவரையொருவர் தெரியும், இருவருமே பூவைக் கையில் தொட்டுத் தொழில் செய்தவர்கள்.

இன்று அந்த இரண்டு கடைகளுக்கும் நடுவில், சில இடங்களில் முதல் கடைக்கு மாற்றாகவே, பூவைத் தொடாத ஒரு தளம் வந்து உட்கார்ந்திருக்கிறது. இடைத்தரகு செய்வதை நான் குறை சொல்லவில்லை. கடை இருக்கும் ஊரைக் கண்டுபிடித்துக் கொடுப்பதும் ஒரு சேவைதான், அதற்குக் கூலி உண்டு. ஆனால் அந்தக் கூலி எங்கிருந்து எடுக்கப்படுகிறது என்பதைப் பாருங்கள். இப்படி ஆர்டர் பரிமாறிக்கொள்ளும் அமெரிக்கப் பூக்கடைக் கூட்டமைப்புகளில் ஆர்டர் பிடித்தவருக்கு 20 விழுக்காடும், கூட்டமைப்புக்கு ஏறக்குறைய 7 விழுக்காடும் போக, மிஞ்சியது பூக் கட்டுபவருக்கு என்பது நெடுநாள் வழக்கம். சேவைக் கட்டணம் என்று வாடிக்கையாளரிடம் தனியாக வாங்குவது இந்தக் கணக்கில் சேராது. நகரத்தில் அடுத்த தெருவுக்குப் பூங்கொத்து அனுப்பும் கடைக்கு அந்த மிச்சம் கட்டுப்படியாகலாம். ஊரைத் தாண்டி, தார் போடாத பாதையில் நெடுந்தூரம் ஓட்டிப்போய் ஒரே ஒரு வீட்டில் கொடுத்துவிட்டு வெறும் வண்டியோடு திரும்ப வேண்டிய சிற்றூர்க் கடைக்கு எரிபொருள் செலவிலேயே அது கரைந்துவிடும். ஆகவே அவர் ஆர்டரைத் திருப்பி அனுப்புகிறார், அல்லது கிடைத்த தொகைக்கு ஏற்பச் சிறிய கொத்தாகக் கட்டித் தருகிறார். இரண்டில் எது நடந்தாலும் படத்தில் பார்த்ததற்கும் வீட்டுக்கு வந்ததற்கும் உள்ள வேறுபாட்டுக்குப் பழி அந்தக் கடைக்காரர் மேல்தான் விழுகிறது, ஏனென்றால் பெறுபவர் கண்ணில் படும் முகம் அவருடையது.

திருப்பி அனுப்பப்பட்ட ஆர்டரின் கதை இன்னும் மோசமானது. ஒரு கடை மறுத்ததும் உங்கள் கணினி அதை அடுத்த ஊர்க் கடைக்கு அனுப்புகிறது, அவரும் மறுத்தால் அதற்கடுத்தவருக்கு. இப்படி அது கைமாறிக்கொண்டிருக்கும் நேரமெல்லாம் வாடிக்கையாளரின் திரையில் ‘உங்கள் ஆர்டர் தயாராகிறது’ என்ற வாசகமே தெரிகிறது. பிறந்தநாள் மாலையில் ‘தவிர்க்க முடியாத காரணங்களால்’ என்று தொடங்கும் மின்னஞ்சல் வரும்போது, அனுப்பியவருக்கு வேறு எந்த ஏற்பாடும் செய்ய நேரம் மிஞ்சியிருப்பதில்லை. பணம் திரும்ப வந்துவிடும் என்பது உண்மைதான். பிறந்தநாள் வராது.

கடை கிடைக்காத ஊர்களுக்கு உங்களில் பலர் இரண்டாவது வழியைக் கையாளுகிறீர்கள்: எங்கோ உள்ள கிடங்கிலிருந்து அட்டைப் பெட்டியில் அடைத்துக் கூரியரில் அனுப்புவது. இந்த வழி தன்னளவில் தவறானதன்று. ஆனால் இதையும் ‘ஊர்ப் பூக்கடை’ என்ற அதே பெயரில் விற்பதுதான் சிக்கல், ஏனெனில் பெட்டியில் வரும் பூவின் இயல்பே வேறு. வெட்டிய ரோஜாவை 0 முதல் 2 டிகிரி செல்சியஸ் குளிரில் வைத்தால்தான் அதன் சுவாசம் தணிந்து அதன் ஆயுள் கூடும். அதே குளிரில் அந்தூரியம் போன்ற வெப்பமண்டல மலர்கள் கருத்துப்போகும் என்பதால், இரண்டையும் ஒரே பெட்டியில் அடைப்பவர் ஏதோ ஒன்றைக் கைவிட்டே ஆக வேண்டும். கூரியர் வண்டிக்குள் குளிர் இருப்பது அரிது. பழுத்த பழங்களிலிருந்தும் வண்டிப் புகையிலிருந்தும் எழும் எத்திலீன் வாயு பட்டால் கார்னேஷன் இதழ்கள் உட்புறமாகச் சுருண்டுகொள்ளும். விளைபொருள் ஏற்றிச் செல்லும் வண்டிகள் நிறைந்த தடத்தில் இது கற்பனையான ஆபத்து அல்ல.

இவை எல்லாவற்றையும் தாண்டி நல்ல நிலையில் வந்து சேர்ந்தாலும், பெட்டிப் பூ பெரும்பாலும் மொட்டாகவே வருகிறது. பயணத்தில் அடிபடாமல் இருக்க அப்படி அனுப்புவது சரியான முறைதான். ஆனால் லில்லி மொட்டு விரிய நாட்கணக்கில் ஆகும் என்பதால் பிறந்தநாளன்று மேசைமேல் இருப்பது பச்சைக் காம்புகளும் மூடிய மொட்டுகளும்தான். தண்டுகளை அடியில் இரண்டு சென்டிமீட்டர் அளவுக்குச் சாய்வாக வெட்டி, நீரில் மூழ்கும் இலைகளைக் கிள்ளி, ஜாடி தேடி நீர் ஊற்றி வைக்க வேண்டியதும் பெறுபவர் பொறுப்பு. அறுவடை நாளில் விடியும் முன் வயலுக்குப் போய் இருட்டியபின் வீடு திரும்பும் ஒருவருக்கு இது பரிசோடு சேர்த்து அனுப்பப்பட்ட வேலை. பெட்டியில்தான் வரும் என்பதை முன்னரே சொல்லி, ஓரிரு நாள் முன்னதாகவே சேரும்படி தேதி தேர்ந்தெடுக்க விட்டால், குறை பாதியாகிவிடும். உங்கள் நாட்காட்டியோ பிறந்தநாள் தேதியை மட்டுமே அழுத்தச் சொல்கிறது.

இப்படி நான் அனுப்பிய ஒரு பெட்டிக்கு ‘டெலிவரி செய்யப்பட்டது’ என்ற செய்தியோடு ஒரு புகைப்படமும் வந்தது. வேலிக் கதவுக்கு வெளியே, நடுப்பகல் வெயிலில், கல்தூணில் சாய்த்து வைத்த அட்டைப் பெட்டி. அதன் பக்கவாட்டில் ‘உயிருள்ள மலர்கள், உடனே திறக்கவும்’ என்று அச்சிட்ட சிவப்புப் பட்டை. திறக்க வேண்டியவர் அப்போது வயலில் இருந்தார். மாலையில் அவர் திறந்தபோது ஜெர்பராக்கள் அனைத்தும் பூவுக்குச் சற்றுக் கீழே காம்பு மடிந்து தலை கவிழ்ந்திருந்தன. புகார் செய்தபோது அந்த நிறுவனம் சொன்ன பதில், குறித்த முகவரியில் குறித்த நாளில் சேர்த்துவிட்டோம் என்பதே. விதிப்படி அது சரியான பதிலாகவும் இருக்கலாம்.

முகவரி என்றதும் உங்கள் படிவத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கதவு எண், தெருப் பெயர் என்ற இரண்டு கட்டங்களையும் நிரப்பாமல் அது அடுத்த பக்கத்துக்கு விடுவதில்லை. வேளாண் பகுதிகளில் எண்ணும் தெருவும் இல்லாத வீடுகள் ஏராளம். அவை குடும்பத்தின் பெயராலும், வளைவிலுள்ள மரத்தாலும், தானியக் கிடங்குக்கு எந்தப் பக்கம் என்பதாலும் அறியப்படுபவை. அஞ்சல் குறியீட்டு எண்ணைக் கொண்டு உங்கள் வரைபடம் குத்தும் புள்ளியோ பரந்த ஒரு வட்டாரத்தின் நடுவே எங்கோ விழுகிறது. கட்டாயக் கட்டங்களைத் தளர்த்தி, ‘வழி சொல்லுங்கள்’ என்று நாலு வரி எழுத இடம் விடுங்கள். வீட்டில் ஆள் இல்லையென்றால் யாரிடம் கொடுக்கலாம், பெறுபவரை முன்கூட்டி அழைக்கலாமா, அழைத்தால் பூ என்று சொல்லாமல் இருக்க வேண்டுமா என்பதையும் கேளுங்கள். உள்ளூர்க் கடைக்காரருக்கு இவற்றில் எதுவும் புதிதல்ல. இந்த மாதத்தில் பகலில் அந்த வீட்டில் எவரும் இருக்கமாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும், வாசலில் குரைக்கும் நாயின் பெயர்கூடத் தெரிந்திருக்கும். அவரை நம்பி விட்டுவிட்டால் பூங்கொத்து பொழுது சாயும் நேரத்தில் போய்ச் சேரும்.

அதே கடைக்காரரிடம் உங்கள் படத்தொகுப்பில் உள்ள பூக்களெல்லாம் இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. சிற்றூர்க் கடைக்கு மொத்த வியாபாரியின் வண்டி தினமும் வருவதில்லை, குளிர்ப் பெட்டியும் சிறியது. வசந்தத்திலும் கோடைத் தொடக்கத்திலும் பூக்கும் பியோனியை ஆண்டு முழுவதும் படத்தில் காட்டிவிட்டு, கீழே பொடி எழுத்தில் ‘இணையான மலர்கள் சேர்க்கப்படலாம்’ என்று எழுதுவது உங்களுக்குப் பாதுகாப்பு, எங்களுக்கு ஏமாற்றம். தொகையையும் விரும்பும் நிறத்தையும் மட்டும் சொல்லி, மற்றதைக் கடைக்காரர் விருப்பத்துக்கு விடும் தெரிவு உங்களில் சிலரிடம் இருக்கிறது. அதைப் பக்கத்தின் அடியில் புதைக்காமல், சிற்றூர் முகவரிகளுக்கு முதல் தெரிவாக மேலே வையுங்கள். அன்று கடையில் எது புதிதாக இருக்கிறதோ அதையே அவர் கட்டித் தருவார். செவ்வந்தியும் கார்னேஷனும் ஆல்ஸ்ட்ரோமேரியாவும் நன்கு பராமரித்தால் இரண்டு வாரம் வரைகூட நிற்கும், விலையுயர்ந்த பல பூக்களுக்கு அந்த ஆயுள் இல்லை.

மாற்றுப் பூ விஷயத்தில் ஒரு விலக்கு மட்டும் எழுத்தில் இருக்க வேண்டும். லில்லி பூனைகளுக்குக் கொடிய நஞ்சு. இதழைக் கடித்தாலோ, உடம்பில் ஒட்டிய மகரந்தத்தை நக்கினாலோகூடச் சிறுநீரகம் செயலிழக்கும். எலிக்காகப் பூனை வளர்க்கும் வேளாண் வீடுகள் நிறைய உண்டு. ஆர்டரில் இல்லாத லில்லியை, கேட்காமல் மாற்றாகச் செருகக் கூடாது.

விடுமுறை நாட்களையும் பெறுபவர் ஊரின் கணக்கில் பாருங்கள். ‘இன்றே டெலிவரி’க்கான கடைசி நேரம் ஆர்டர் செய்பவரின் கடிகாரப்படி ஓடினால் வேறு நேர மண்டலத்திலிருந்து அனுப்புபவருக்கு அது பொய்யான வாக்குறுதி. அந்த ஊர்க் கடை வாரத்தில் எந்த நாள் மூடியிருக்கும் என்பது உங்கள் பட்டியலில் இருந்தால், அந்தத் தேதியை நாட்காட்டியிலேயே அடைத்துவிடலாம். காதலர் தினமான பிப்ரவரி 14-ஐ ஒட்டிப் பிறந்தவர்களின் திண்டாட்டத்தைப் பற்றித் தனி மடலே எழுதலாம், இங்கே விட்டுவிடுகிறேன்.

அமெரிக்காவின் சில மாநிலங்களில், வெளியூர் நிறுவனம் தன்னை உள்ளூர்ப் பூக்கடையாகக் காட்டிக்கொள்வதைத் தடுக்கச் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. சட்டம் வந்துதான் செய்ய வேண்டும் என்பதில்லை. கடை இருந்தால் அதன் பெயரையும் அது இருக்கும் ஊரையும் பணம் கட்டும் பக்கத்திலேயே காட்டுங்கள், நாங்கள் கொடுப்பதில் அவர் கைக்குப் போவது எவ்வளவு என்பதோடு. பெட்டியில்தான் வரும் என்றால் பெட்டியின் படத்தையே காட்டுங்கள். கடை ஆர்டரை ஏற்றுக்கொண்டதை உறுதிசெய்த பிறகே பணத்தை எடுங்கள். மறுத்தால் அன்றே சொல்லுங்கள். இரண்டு வழியும் இல்லாத ஊர் என்றால், அந்த ஊரின் பெயரில் நீங்கள் வைத்திருக்கும் பக்கத்தை எடுத்துவிடுங்கள். பக்கத்து ஊர்க் கடையின் தொலைபேசி எண்ணைத் தேடுபவருக்கு அதுவாவது முதலில் கண்ணில் படட்டும்.

இப்படிக்கு,
சிற்றூரில் உறவுகள் உள்ள ஒரு வாடிக்கையாளர்