வாசிப்பு வகுப்பு நிக்காம பாத்துக்கிட்ட எல்லாருக்கும்

எல்லாருக்கும் வணக்கம். பள்ளத்தூர்ல நாங்க சனிக்கிழமை நடத்துற வாசிப்பு வகுப்புல புத்தகமெல்லாம் நனைஞ்சு, உக்கார இடமும் இல்லாமப் போனது எல்லாருக்கும் தெரியும், அதை விரிவா எழுத எனக்கு இன்னும் தெம்பு வரல. வகுப்பு நிக்கல, இந்த சனிக்கிழமையும் பிள்ளைங்க வந்து வாசிச்சாங்க, அதை மொதல்ல சொல்லிடுறேன்.

நனைஞ்ச புத்தகத்தை எல்லாம் மொட்டை மாடியில விரிச்சுக் காய வச்ச காலேஜ் தம்பிங்க, வாடகையே வாங்காத லோடு ஆட்டோ அண்ணே, சிங்கப்பூர்லருந்து பணம் போட்டுட்டு பேர் வேணாம்னவங்க, பென்ச் கொடுத்த டீக்கடை அண்ணே, உங்க எல்லாருக்கும் கை எடுத்துக் கும்பிடுறேன்.

ஆச்சியைப் பத்தித்தான் கொஞ்சம் நிறைய எழுதணும். அவங்க வீட்டு முகப்பை எங்களுக்குத் திறந்து விட்டதே பெரிய மனசு. ஆனா மொத நாள் கையில ஒரு புத்தகம் கூட இல்லாம பிள்ளைங்க உக்காந்திருக்கறதைப் பாத்துட்டு, "புத்தகம் இல்லாம என்னத்தப் படிக்கப் போறீக"ன்னு கேட்டுட்டு வீட்டுக்குள்ள ரெண்டாங்கட்டுக்குப் போயி ஒரு தகரப்பெட்டியைத் தூக்கிட்டு வந்தாங்க பாருங்க, அதை நான் எதிர்பார்க்கவே இல்ல. உள்ள முழுக்க அவங்க அப்பச்சி, அதான் அப்பா, பினாங்குலருந்து அவங்க ஆத்தாளுக்குப் போட்ட கடுதாசி. "எனக்குக் கண்ணு தெரியலப்பா, படிச்சுச் சொல்லுங்க."

நல்லா வாசிக்கிற பிள்ளைங்களே மொத வரியில நின்னுட்டாங்க. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தி எழுதுனது, லை, னை எல்லாம் துதிக்கை வச்ச பழைய எழுத்து, பாதி இடத்துல புள்ளியே இல்ல. அன்னிக்கு எல்லாருமே எழுத்துக் கூட்டித்தான் ஆகணும். பின்னாடி ஒரு பையன், பேர் வேணாம், பத்தாவது, சத்தமா வாசிச்சு நான் கேட்டதே இல்ல. 2020 மார்ச்ல மூடுன ஸ்கூல் சின்ன வகுப்புகளுக்கு 2021 நவம்பர்லதான் திறந்துச்சு, எழுத்துக் கூட்டிப் பழக வேண்டிய வயசு அவனுக்கு அதுல போயிடுச்சு. அவன்தான் மெதுவா ஒவ்வொரு எழுத்தா சேத்து, "ஊருணி ரொம்பிருச்சான்னு எழுது"ன்னு மொத வரியை உடைச்சான். ஆச்சி, "இன்னொருக்க சொல்லுப்பா"ன்னாங்க. வாசிச்சான். திரும்பக் கேட்டாங்க. அதுக்கப்புறம் திக்காம வந்துச்சு, அவனுக்கே ஆச்சரியம்.

ஒரே பத்தியை சத்தமா திரும்பத் திரும்ப வாசிச்சா சரளம் வரும்னு எனக்குத் தெரியும், ஆனா பதினஞ்சு வயசுப் பையன்கிட்ட நான் போயி திரும்ப வாசின்னா அதை அவமானமாத்தான் எடுத்துக்குவான். ஆச்சிக்கு நெசமாவே கேக்கணும்னு இருந்துச்சு, அது அவனுக்கும் தெரிஞ்சுச்சு. இத்தனை நாள் எங்க வகுப்புல கேக்குறதுக்குன்னு ஒரு ஆள் இல்லாமப் போச்சேன்னு இப்ப நெனைக்கிறேன்.

அடுத்த வாரம் சங்கப் பாட்டுல பிரிவைச் சொல்ற பாலைத்திணை எடுத்தேன். பொருள் தேடப் போற தலைவன், வீட்டுல காத்திருக்கிற தலைவி, வழக்கமா பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணிட்டுப் போயிடுவாங்க. ஒரு பொண்ணு சட்டுனு, "டீச்சர், இது ஆச்சியோட ஆத்தா கதைதானே"ன்னா. அவ அப்பாவும் துபாய்லதான் இருக்காங்க. அன்னிக்கு மணி அடிச்ச மாதிரி ஆளாளுக்குப் பேச ஆரம்பிச்சுட்டாங்க, பாட்டுக்கு உரை நான் சொல்லவே வேண்டி வரல. ரெண்டாயிரம் வருஷத்துப் பாட்டுக்கும் நம்ம செட்டிநாட்டு வீடுகளுக்கும் நடுவுல இவ்வளவு கிட்டத்துல வழி இருக்கு.

இப்ப பிள்ளைங்க அந்தக் கடுதாசிகளைப் புது எழுத்துல ஒரு நோட்டுல காப்பி பண்றாங்க. ஆச்சி, உங்க பெட்டி காலியாகுற வரைக்கும் வாரா வாரம் ஒருத்தர் வந்து உங்களுக்கு வாசிச்சுக் காட்டுவாங்க, இது நான் கொடுக்கிற வாக்கு.

மத்தவங்ககிட்ட ஒரே ஒரு வேண்டுகோள். பக்கத்துல கோட்டையூர்ல ரோஜா முத்தையா ஐயா சேத்து வச்ச பழைய புத்தகம், பத்திரிகை எல்லாம் அவர் 1992ல மறைஞ்சப்புறம் சென்னையில ஆராய்ச்சி நூலகமா நிக்குது, அதுல அழைப்பிதழ், நோட்டீஸ் எல்லாங்கூட இருக்கு. அதனால வீட்டை ஒழுங்குபண்றப்ப பழைய கடுதாசி, டைரி, கல்யாணப் பத்திரிகை எது கெடச்சாலும் பேப்பர் கடைக்குப் போடாதீங்க. சனிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்கு ஆச்சி வீட்டு முகப்புக்கு எடுத்துட்டு வாங்க, நீங்களும் உக்காந்து கேளுங்க, பிள்ளைங்க வாசிப்பாங்க.