சின்னம்மை கண்ட பிள்ளைக்கு முதலில் அரிப்பைத் தணியுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தோட்ட மருந்தகத்திலும் பின்னர் அரசாங்கக் கிளினிக்கிலும் தாதியாகப் பணியாற்றி ஓய்வுபெற்று, இப்போது சுங்கை சிப்புட்டில் வசித்து வருகிறேன். சின்னம்மை கண்ட பிள்ளையை வீட்டில் வைத்துப் பராமரிக்கும் பெற்றோருக்குச் சில செய்திகளைத் தங்கள் நாளிதழ் வழியாகச் சொல்ல விரும்புகிறேன். அம்மை போட்ட வீடுகளில் வாசலில் வேப்பிலை, படுக்கையில் வேப்பிலை, பெரியவர்களுக்கு விரதம், அம்மனுக்கு வேண்டுதல் என எல்லாம் முறைப்படி நடக்கின்றன. ஆனால் பிள்ளையோ சன்னல்கள் சாத்திய அறையில் வியர்த்துச் சொறிந்து, இரவெல்லாம் தூக்கமின்றி அழுதுகொண்டிருக்கிறது. நல்ல உடல்நலமுள்ள பிள்ளைக்குச் சின்னம்மை பெரும்பாலும் தானாகவே இறங்கிவிடும். அதுவரை பிள்ளையைப் படுத்துவது அரிப்புதான். அரிப்புத் தாளாமல் சொறிந்து கொப்புளத்தை உடைப்பதால்தான் புண்ணில் சீழ் பிடிக்கிறது, தழும்பும் நிலைத்துவிடுகிறது.

காற்றுப் படக் கூடாது, உடம்பில் தண்ணீர் படக் கூடாது என்ற கட்டுப்பாடுகளுக்குப் பின்னால் இருப்பது பெரியம்மைக் காலத்து அச்சம் என்றே நான் கருதுகிறேன். உயிரைக் குடித்தும் கண்ணைப் பறித்தும் போன அந்த நோய் ஒழிந்துவிட்டதாக உலகச் சுகாதார நிறுவனம் 1980ஆம் ஆண்டிலேயே அறிவித்துவிட்டது. சின்னம்மை முற்றிலும் வேறொரு கிருமியால் வருவது. பழைய நோய்க்கான பயத்தை இந்த நோயின் மேல் ஏற்றி, தகரக் கூரையின் கீழ் பகல் வெயிலில் பிள்ளையைப் போர்த்திப் படுக்க வைத்தால் வியர்வை பெருகும். வியர்வை பெருகப் பெருக அரிப்பும் கூடும். சன்னலைத் திறந்து வையுங்கள், மின்விசிறியைச் சுழல விடுங்கள், பனியன் துணி போன்ற மெல்லிய பருத்தி உடையைத் தளர்வாக அணிவியுங்கள். பிள்ளைக்கு எவ்வளவு பிடித்தமானதாக இருந்தாலும் நைலான் கலந்த காற்பந்து ஜெர்சி இந்த ஒரு வாரத்துக்கு வேண்டாம்.

குளிப்பாட்டுவது பற்றித்தான் வீட்டுப் பெரியவர்களோடு அதிகம் வாதாட வேண்டியிருக்கிறது. முதல் தண்ணீர் ஊற்றும் நாள் வரை உடம்பை நனைக்கக் கூடாது என்பார்கள். அந்தச் சடங்கை அதற்குரிய நாளில் அவர்கள் விருப்பப்படியே செய்துகொள்ளட்டும். ஆனால் அதற்கு முந்திய நாள்களிலும் வெதுவெதுப்பான நீரில் பிள்ளையைக் குளிப்பாட்டுவதால் கெடுதல் எதுவுமில்லை, நன்மையே உண்டு. வியர்வையும் அழுக்கும் நீங்கினால் புண்ணில் கிருமி தொற்றும் வாய்ப்புக் குறையும், அரிப்பும் சில மணி நேரம் அடங்கும். சூடான நீர் அரிப்பைக் கிளப்பிவிடும் என்பதால் அது வேண்டாம். மளிகைக் கடையில் கிடைக்கும் சாதாரண ஓட்ஸை ஒரு கைப்பிடி எடுத்து மெல்லிய துணியில் முடிந்து, குளிக்கும் நீரில் ஊறவைத்துப் பிழிந்தால் நீர் பால் போல் கலங்கும். அந்த நீர் தோலுக்கு இதமாக இருக்கும். குளித்தபின் துண்டால் தேய்க்காமல் ஒற்றியெடுத்து, ஈரம் போன பிறகு கலாமைன் மருந்தைக் குலுக்கிக் கொப்புளங்களின் மேல் தடவலாம். கண்ணோரத்திலும் வாய்க்குள்ளும் அது படக் கூடாது. உடைந்த புண்ணின் மேல் அரைத்த மஞ்சளையும் வேப்பிலையையும் அப்புவதை நான் ஏற்பதில்லை. அம்மியிலும் கையிலும் இருக்கும் கிருமி புண்ணுக்குள் போகலாம் என்பது ஒருபுறமிருக்க, புண்ணைச் சுற்றிச் சிவந்து வீங்கினாலும் மஞ்சள் பூச்சு அதை மறைத்துவிடும். நன்றாகக் கழுவிய வேப்பிலைக் கொத்தால் மெதுவாக வருடிவிடுவதை மட்டும் நான் தடுத்ததில்லை. நகத்தை விட அது எவ்வளவோ மேல்.

நகங்களை முதல் நாளே ஒட்ட வெட்டிவிடுங்கள். கைக்குழந்தைக்குக் கையுறையும், சற்றுப் பெரிய பிள்ளைக்கு இரவில் பருத்திக் காலுறையும் கைகளில் மாட்டிவிடலாம். அரிக்கும் இடத்தைச் சொறியாமல் உள்ளங்கையால் தட்டப் பழக்கினால் நாலைந்து வயதுப் பிள்ளைகள் கூடக் கற்றுக்கொள்கிறார்கள். அப்படியும் தூங்க முடியாவிட்டால், அரிப்பைக் குறைத்து உறக்கம் தரும் மருந்தைப் பிள்ளையின் வயதைச் சொல்லி மருத்துவரிடமோ மருந்தாளரிடமோ கேட்டு வாங்குங்கள். பக்கத்து வீட்டில் யாருக்கோ கொடுத்து மிச்சமான களிம்பைத் தடவாதீர்கள். அதில் ஸ்டீராய்டு இருந்தால் நோய் கடுமையாகிவிடக் கூடும்.

காய்ச்சலுக்கு பாராசிட்டமோல் போதும். நம் மலேசியாவில் பிள்ளைகளுக்கான பாராசிட்டமோல் மருந்துநீர் 5 மில்லிலிட்டரில் 120 மில்லிகிராம், 250 மில்லிகிராம் என இரண்டு வீரியங்களில் கிடைக்கிறது. ஒன்றுக்குச் சொன்ன அளவை மற்றொன்றிலிருந்து கொடுத்தால் மருந்து பாதியாகவோ இருமடங்காகவோ போய்விடும். போத்தலைப் பார்த்து, பிள்ளையின் எடைக்கு ஏற்ற அளவைக் கேட்டறிந்து, குறைந்தது 4 மணி நேர இடைவெளி விட்டு, ஒரு நாளைக்கு 4 வேளைக்கு மிகாமல் கொடுக்க வேண்டும். ஆஸ்பிரின் அறவே கூடாது. அம்மை கண்ட பிள்ளைக்கு அதைக் கொடுத்தால் மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ரெய்ஸ் நோய் வரலாம். வேறு காய்ச்சல்களுக்கு வழக்கமாகக் கொடுக்கும் இபுபுரூஃபனையும் தவிர்க்க வேண்டும், ஏனெனில் சின்னம்மையின்போது அதைக் கொடுப்பதற்கும் தோலில் கடுமையான கிருமித்தொற்று ஏற்படுவதற்கும் தொடர்பு இருப்பது கண்டறியப்பட்டுள்ளது.

உணவைப் பொறுத்தவரை நம் வழக்கத்தில் நிறைய நியாயம் இருக்கிறது. கொப்புளங்கள் வாய்க்குள்ளும் வருவதால் காரம், புளிப்பு, உப்பு எல்லாமே எரியும். ஆகவே தாளிக்காத கஞ்சியும் கூழும் இளநீரும் பொருத்தமானவையே. குளிர்ந்ததைக் கொடுக்கக் கூடாது என்பது மட்டும் சரியன்று. வாய்ப்புண்ணால் எதையும் விழுங்க மறுக்கும் பிள்ளை ஐஸ்கிரீம் போத்தோங் எனும் குச்சி ஐஸ் கேட்டால் பாட்டிகள் என்னை மன்னிப்பார்களாக, வாங்கிக் கொடுங்கள். நீர் குறைந்து சோர்வதை விட அது நல்லது.

கொப்புளங்கள் ஒரே நாளில் வந்து முடிவதில்லை. நான்கைந்து நாள்களுக்குப் புதிது புதிதாகக் கிளம்பும் என்பதால், இன்று மருந்து தடவியும் நாளை கூடிவிட்டதே என்று கலங்க வேண்டியதில்லை. ஆனால் நான்கு நாளுக்கு மேலும் காய்ச்சல் நீடித்தாலோ, ஒருமுறை விட்ட காய்ச்சல் திரும்பி வந்தாலோ, புண்ணைச் சுற்றிச் சிவந்து சூடாகி வலித்தாலோ, மூச்சுத் திணறல், ஓயாத வாந்தி, கழுத்து விறைப்பு, நடையில் தள்ளாட்டம், எழுப்பினாலும் எழாத மயக்கம் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலோ, அம்மன் கோபிப்பாள் என்று தயங்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். பதின்ம வயதினரும் பெரியவர்களும் கொப்புளம் தோன்றிய அன்றே மருத்துவரைப் பார்ப்பது நல்லது. அவர்களுக்கு நோய் கடுமையாகக் கூடும். அம்மைக் கிருமியை அடக்கும் அசிக்லோவிர் மருந்து முதல் 24 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்கு பலன் தரும். கிளினிக்கிற்குப் போகுமுன் தொலைபேசியில் சொல்லிவிட்டால் தனி இடத்தில் உட்கார வைப்பார்கள்.

அக்கம்பக்கத்தாரிடம் மறைக்காதீர்கள். கொப்புளம் தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பிருந்தே தொற்றத் தொடங்கும் இந்நோய், எல்லாக் கொப்புளங்களும் காய்ந்து பொருக்குத் தட்டும் வரை பரவும். சுவர் ஒட்டிய லயத்து வீடுகளில் கர்ப்பிணியோ பச்சிளங்குழந்தையோ புற்றுநோய்ச் சிகிச்சை பெறுபவரோ இருந்தால், அவர்களுக்குத்தான் முதலில் தெரிய வேண்டும். இதுவரை அம்மை வராத கர்ப்பிணி, நோயாளியோடு பழகியது தெரிந்தவுடனே கிளினிக்கிற்குப் போனால் தடுப்புக்கு வழி உண்டு. வீட்டில் மற்றப் பிள்ளைகளுக்கு 10 முதல் 21 நாள்களுக்குள் அம்மை தோன்றக் கூடும் என்பதால், மூத்தது தேறியதும் இளையதைக் கவனியுங்கள்.

இவ்வளவும் செய்ய வீட்டில் ஓர் ஆள் இருக்க வேண்டும். 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம் தரும் மருத்துவ விடுப்பு தொழிலாளியின் சொந்த நோய்க்கானது. பிள்ளைக்கு அம்மை என்றால் தாய் தன் ஆண்டு விடுப்பையோ அன்றைய சம்பளத்தையோ இழந்துதான் வீட்டில் இருக்க வேண்டும். பொருக்குத் தட்டுமுன்பே பிள்ளையை முகத்தில் கலாமைனோடு தாடிகா எனும் பாலர் பள்ளிக்கு அனுப்பும் தாயை ஆசிரியர்கள் கடிந்துகொள்கிறார்கள். செம்பனை ஆலையில் அவளுடைய டூட்டியை யார் பார்ப்பது என்று எவரும் கேட்பதில்லை. தோட்ட நிர்வாகங்களும் தொழிற்சங்கமும் இதற்கென ஒரு வாரச் சிறப்பு விடுப்பைப் பேசி முடிக்கலாம். அதைவிடச் சிக்கனமான வழி, சின்னம்மைத் தடுப்பூசியை அரசாங்கத்தின் இலவசத் தடுப்பூசி அட்டவணையில் சேர்ப்பது. இப்போது அதைத் தனியார் கிளினிக்கில் பணம் கொடுத்துத்தான் போட வேண்டியிருக்கிறது. இரண்டு தவணை, இரண்டு மூன்று பிள்ளைகள் என்று கணக்கிட்டால் தோட்டத் தொழிலாளிக்கு அது எட்டாத செலவு. இது குறித்து நம் மக்கள் பிரதிநிதிகள் நாடாளுமன்றத்தில் சுகாதார அமைச்சைக் கேட்க வேண்டுமெனத் தங்கள் நாளிதழ் வாயிலாக வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாதி,
சுங்கை சிப்புட், பேரா.