பாப்பாவுக்கு அம்மா எழுதுவது

நீடாமங்கலம்,
மார்கழி 12

அன்புள்ள பாப்பா,

இங்கே எல்லாரும் சுகம். சி.ஆர். 1009 நெல் கதிர் சாய ஆரம்பித்துவிட்டது, இனி மழை வராமலிருந்தால் போதும். ராத்திரி நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? போனில் குரல் கம்மியிருந்தது.

நீ சொன்னபடி மகளிர் குழுவில் உன் ஆப்பைப் பற்றிச் சொன்னேன். அறுவடை மெஷினை போனிலேயே பிடிக்கலாம் என்றதும் எல்லாரும் நம்பர் கொடுத்துவிட்டார்கள். நம்பர் எழுதின நோட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்கிறேன். ஆனால் அதை நம்பி உட்கார்ந்துவிடாதே. பாதிப் பேர் என் முகத்துக்காகக் கொடுத்தது. 'வாத்தியார் பொண்ணு ஏதோ பண்ணுதாம்' என்று அப்பா பேருக்காகக் கொடுத்தவர்களும் உண்டு. எனக்கு அதில் பெருமைதான்.

பெரியத்தை மட்டும் நம்பர் தரவில்லை. "பெல்ட் மெஷினா, டயர் மெஷினா? என் வயலு காயாது, டயர் இறங்கினா புதையும். மணிக்கணக்கு ரோட்டுலேர்ந்தா, வயல்ல இறங்கினதுலேர்ந்தா? வரேன்னுட்டு பக்கத்து ஊருக்குப் போயிட்டா நான் யாரைக் கேக்கறது?" என்றார்கள். எனக்குப் பதில் தெரியவில்லை. நீ முதலில் கூப்பிட வேண்டியது அவர்களைத்தான். ஒரு தடவை சொன்ன நேரத்துக்கு மெஷின் வந்து நின்றால், அவர்களே தெருவைக் கூட்டிவந்துவிடுவார்கள்.

கம்ப்யூட்டர் ஃபைல்களை இணையத்தில் சேமித்து வைக்கிற டிராப்பாக்ஸ் கம்பெனியை ஆரம்பித்தவர் கதை சொன்னாயே, 2008-ல் வீடியோ போட்டு, 5,000 பேர் காத்திருந்த பட்டியல் ஒரே ராத்திரியில் 75,000 ஆனதென்று. அவர் வேலை நடப்பதைக் காட்டினார். நீ இன்னும் ஆப்பின் பேரைத்தானே காட்டுகிறாய்? ஆப் முடியாவிட்டால் போகிறது, இந்தத் தையில் பத்து வீட்டுக்கு நீயே போனில் பேசி மெஷின் பிடித்துக் கொடு. சேலம், பெரம்பலூர் பக்கமிருந்து வருகிறவர்களிடம் இப்போதே பேசி வை. எல்லாருக்கும் ஒரே சமயத்தில் அறுப்பு. தள்ளிப்போய் நெல் நனைந்தால், ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் என்று கொள்முதல் நிலையத்தில் எடுக்கமாட்டார்கள். அப்போது என் வாசலில்தான் வந்து நிற்பார்கள்.

அரசாங்கத்தின் உழவன் செயலி 2018-லேயே வந்துவிட்டது, அதிலும் மெஷின் வாடகைக்கு உண்டு. இருந்தும் நம் ஊரில் புரோக்கருக்குத்தான் போன் போகிறது. மெஷின் வராவிட்டால் டீக்கடையில் அவர் சட்டையைப் பிடிக்கலாம், அதனால்தான். உன் ஆப்பில் யார் சட்டையைப் பிடிப்பது? அதை யோசி. சாப்பிட்டுவிட்டு யோசி.

கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன். உன் ஆபீஸ் இன்சூரன்ஸ் கார்டு இப்போது செல்லாது என்றார்கள். கம்ப்யூட்டர் கோளாறாக இருக்கும் என்று சொல்லிவிட்டு வந்தேன். ஆபரேஷன் அறுப்புக்கு அப்புறம்தான், நெல் பணம் வந்துவிடும், நீ அதற்காக அலையாதே. வீட்டு வாடகை எந்தத் தேதியில் கட்ட வேண்டும் என்று மட்டும் எழுது. வேறு ஒன்றும் கேட்கவில்லை.

பெரியத்தையை மத்தியானம் கூப்பிடாதே, தூங்குவார்கள். சாயங்காலம் மாடு கறந்த பிறகு கூப்பிடு.

அம்மா