ஓடுபாதைக்குத் திரும்பாதது குற்றமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிளம்பிய சில நொடிகளில் இன்ஜின் நின்று, சிறிய விமானம் ஒன்று வயலில் இறங்கி நொறுங்கிய செய்தியைப் படித்தேன். காயங்களோடு விமானி பிழைத்துவிட்டார். ஆனால், "ஓடுபாதை பின்னாலேயே இருந்தும் ஏன் திரும்பவில்லை?" என்று அவரைக் குற்றவாளிபோல எழுதியிருந்தது மனதை வருத்தியது. விமானம் ஓட்டக் கற்றுக்கொடுத்தவன் நான். அவர் திரும்பாததால்தான் பிழைத்தார் என்றே நினைக்கிறேன்.

ஏறும்போது விமானத்தின் மூக்கு மேல்நோக்கி இருக்கும். இன்ஜின் நின்றதும் வேகம் மளமளவென்று குறையும். உடனே மூக்கைக் கீழே தள்ளியாக வேண்டும். தரை அவ்வளவு பக்கத்தில் தெரியும்போது அதற்குக் கை லேசில் வராது. நடந்ததை மனம் நம்பவே சில நொடிகள் போய்விடும்.

அப்புறம் திரும்புவது. 180 டிகிரி போதும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். போதாது. அரைவட்டம் அடித்து முடிக்கும்போது விமானம் ஓடுபாதைக்குப் பக்கவாட்டில் தள்ளி இருக்கும். மேலும் திரும்பி, மறுபடி எதிர்ப்பக்கம் திருப்பித்தான் நேர்க்கோட்டைப் பிடிக்க முடியும். செஸ்னா 172 போன்ற சிறிய விமானம் இன்ஜின் இல்லாமல் நேராகச் சறுக்கினால் தன் உயரத்தைப்போல் சுமார் 9 மடங்கு தூரம் போகும். சாய்ந்து திரும்பும்போது அந்தக் கணக்கு செல்லாது. உயரத்தை விடாமல் 45 டிகிரி சாய்த்துத் திருப்பினால், இறக்கை தாங்கும் சக்தியை இழக்கிற 'ஸ்டால்' வேகமும் ஏறக்குறைய 19 சதவீதம் கூடிவிடும். போதாக்குறைக்கு, எதிர்காற்றில் கிளம்பிய விமானத்துக்குத் திரும்பியதும் பின்காற்று. தரை விரைந்து ஓடுவதைப் பார்த்து, வேகம் இருக்கிறது என்று ஏமாந்து மூக்கைத் தூக்கினால் ஒரு பக்கம் கவிழ்ந்து சுழன்று விழும். 500 அடியில் அதிலிருந்து மீள இடமே இல்லை.

நேர் எதிரே, சற்று இடமோ வலமோ, கிடைத்த வெட்டவெளியில் இறக்கைகளை மட்டமாக வைத்துக் குறைந்த வேகத்தில் இறக்கினால் விமானம் போனாலும் ஆள் தப்பிக்க வாய்ப்பு உண்டு. அதனால்தான், கிளம்புமுன் ஓடுபாதையில் நிற்கும்போதே, இன்ஜின் நின்றால் எங்கே இறங்குவேன் என்று மாணவரை வாய்விட்டுச் சொல்ல வைப்போம்.

இன்ஜின் ஏன் நின்றது என்பதல்லவா கேள்வி? கார்புரேட்டரில் பனி கட்டியிருக்கலாம், பராமரிப்பில் குறை இருந்திருக்கலாம், எரிபொருளில் தண்ணீர் கலந்திருக்கலாம். பறக்குமுன் தொட்டியின் அடியிலிருந்து சிறு குவளையில் எரிபொருளைப் பிடித்துப் பார்ப்போம். 100எல்எல் விமானப் பெட்ரோல் இளநீலமாக இருக்கும்; தண்ணீர் நிறமில்லாமல் அடியில் தங்கும். குவளை முழுக்கத் தண்ணீரே வந்துவிட்டால் இரண்டுக்கும் நடுவே கோடு தெரியாது. நீலம் இருக்கிறதா என்று பார்த்தால்தான் பிடிபடும்.

விபத்து விசாரணையின் ஒரே நோக்கம் அடுத்த விபத்தைத் தடுப்பதுதான், பழி சுமத்துவதல்ல என்று சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் 13-ஆம் இணைப்பு சொல்கிறது. விசாரணை அறிக்கை வரட்டும். வந்ததும் அதை உள்பக்க மூலையில் போடாமல், இந்தச் செய்தி வந்த அதே பக்கத்தில், அதே அளவில் வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விமானப் பயிற்சியாளர் ஒருவர்