கட்டைவிரல் எந்தப் பக்கம்?

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். பாட்டிக்கு முட்டி வலிதான் விட்டபாடில்லை.

நேற்று ராத்திரி நீ போனில் அழுததிலிருந்து மனசே சரியில்லை. அனாடமி (உடற்கூறு) டெஸ்டில் மார்க் போனதற்காக இல்லை. "கட்டைவிரல் உடம்புப் பக்கம்தானேம்மா இருக்கு, அதைப் போய் லேட்டரல்னு சொன்னா எப்படி?" என்று கேட்டாயே, அதற்கு யாரும் உனக்கு உட்கார்ந்து பதில் சொல்லவில்லையே என்றுதான். 26 வருஷம் நர்ஸாக வார்டில் நின்றவள் நான். போனில் சொன்னால் காற்றோடு போய்விடும் என்று எழுதுகிறேன்.

எழுந்து நில். கையைச் சும்மா தொங்கவிடு. கட்டைவிரல் முன்னால் பார்க்கும், உள்ளங்கை தொடையைப் பார்க்கும். நாம் நிற்பது அப்படி. அனாடமி புத்தகத்துப் படத்தில் இருக்கும் மனுஷன் அப்படி நிற்பதில்லை. முகமும் பாதமும் நேராக, உள்ளங்கை இரண்டும் முன்னால் திரும்பி நிற்கிறான். நீயும் திருப்பு. சுண்டுவிரல் தொடையோடு ஒட்டுகிறதா? கட்டைவிரல் வெளியே போய்விட்டதா? உடம்பின் நடுக்கோட்டுக்கு அருகில் இருப்பது மீடியல், விலகியிருப்பது லேட்டரல். அவ்வளவுதான் கண்ணு. பேஷண்ட் படுத்திருந்தாலும் சுருண்டு கிடந்தாலும், அவர் இப்படி நிற்பதாக நினைத்துத்தான் எல்லா வார்த்தையும்.

இடது, வலதும் அதே மாதிரிதான். எப்போதும் பேஷண்டுடைய இடது, பேஷண்டுடைய வலது. இதை நான் கற்றுக்கொண்ட விதத்தை உன்னிடம் சொன்னதே இல்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், திருவொற்றியூர் பக்கம் ஒரு பட்டறையிலிருந்து ஒருவரைக் கூட்டிவந்தார்கள். பிரஸ் மிஷினில் வலது கை நசுங்கியிருந்தது. எதிரே நின்று பார்த்த நான், என் இடப்பக்கம் தெரிந்த கையை 'இடது' என்று ஷீட்டில் எழுதிவிட்டேன். ஆபரேஷன் தியேட்டருக்குள் போகும் வாசலில் அவரே, "சிஸ்டர், இந்தக் கையை எதுக்குத் துடைக்கிறீங்க? அடிபட்டது அதுல்ல" என்றார். அன்றைக்கு நடுங்கிய நடுக்கம் இன்னும் போகவில்லை. 2008ல் உலக சுகாதார நிறுவனம் ஆபரேஷனுக்கென்று சரிபார்ப்புப் பட்டியல் வெளியிட்டது. எந்த இடத்தில் ஆபரேஷன் என்று பேஷண்டிடமே கேட்டு உறுதி செய்யவேண்டும், அடையாளம் போட்டிருக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. அதைப் படித்தபோது எனக்கு அந்த மனுஷர் முகம்தான் நினைவுக்கு வந்தது.

சுபைன், ப்ரோன் குழம்புகிறது என்றாயே. நம்மிடம் இல்லாத வார்த்தையா? மல்லாந்து படுத்தால் சுபைன், குப்புறப் படுத்தால் ப்ரோன். சுபினேஷனும் அதே வேரிலிருந்து வந்ததுதான்: கையை மல்லாத்துவது. தீர்த்தம் வாங்க ஏந்துவாயே, அந்தக் கை. கவிழ்த்தால் ப்ரொனேஷன். முழங்கையை இடுப்போடு ஒட்டி, செங்கோணமாக மடக்கிக்கொண்டு செய். இல்லாவிட்டால் தோளும் சேர்ந்து திரும்பிவிடும், எது முன்னங்கையின் அசைவு என்று தெரியாது. மணிக்கட்டுக்குச் சற்று மேலே, கட்டைவிரல் பக்கமாக இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கவிழ்த்துப் பார். கட்டைவிரல் பக்கத்து ரேடியஸ் எலும்பு உருண்டு, சுண்டுவிரல் பக்கத்து அல்னா எலும்பின் மேல் குறுக்கே போவது விரலுக்குத் தெரியும். ஏந்தும்போது இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். எனக்கு இதை ஒரு பெரிய சிஸ்டர் என் கையைப் பிடித்தே காட்டினார். படத்தைப் பார்த்து எனக்குப் புரிந்ததே இல்லை.

நடுக்கோட்டிலிருந்து விலக்குவது அப்டக்‌ஷன், நடுக்கோட்டோடு சேர்ப்பது அடக்‌ஷன்; இரண்டும் ஒரே மாதிரி காதில் விழும். அதனால் வார்டில் ஏ-பி-டக்‌ஷன், ஏ-டி-டக்‌ஷன் என்று எழுத்தைப் பிரித்துச் சொல்வோம். நீயும் வாய்விட்டு அப்படியே சொல். லத்தீனில் 'ஏபி' விலகிப் போவது, 'ஏடி' நோக்கி வருவது. ஆனால் விரலுக்கு நடுக்கோடு உடம்பு இல்லை, நடுவிரல். நம் தெருமுனையில் கேரம் ஆடும் பிள்ளைகள் ஸ்ட்ரைக்கருக்குப் பின்னால் விரல்களைப் பரப்பிப் பலகையில் ஊன்றுவார்களே, அது அப்டக்‌ஷன். 2024ல் அமெரிக்காவில் உலகப் போட்டியில் மூன்று தங்கம் வாங்கினாளே நம் வண்ணாரப்பேட்டை காசிமா, அவள் ஆடுவதை வீடியோவில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த விரல்கள்தான் கண்ணில் நிற்கும். கால் விரலுக்கோ நடுக்கோடு கட்டைவிரலுக்கு அடுத்த விரல். கையில் கட்டைவிரல் மட்டும் தனிக் கணக்கு. உள்ளங்கையை மல்லாத்தி மேஜையில் வைத்துக் கட்டைவிரலைக் கூரையைப் பார்த்துத் தூக்கு. அதுதான் அதற்கு அப்டக்‌ஷன்.

பாதத்துக்குப் பாட்டியின் தையல் மிஷினை நினைத்துக்கொள். மிதித்து அழுத்தும்போது ப்ளான்டார் ஃப்ளெக்‌ஷன், விரல் பக்கம் மேலே வரும்போது டார்ஸி ஃப்ளெக்‌ஷன்.

ப்ராக்ஸிமல், டிஸ்டல் என்றால் கிட்ட, எட்ட. கை உடம்போடு சேரும் இடத்துக்குக் கிட்ட இருப்பது ப்ராக்ஸிமல், எட்டப் போவது டிஸ்டல். முழங்கைக்கு மணிக்கட்டு டிஸ்டல், விரலுக்கு அதே மணிக்கட்டு ப்ராக்ஸிமல். விரலை நம்பர் போட்டு எழுதாதே, பெயரைச் சொல்லி எழுது. 'மூன்றாவது விரல்' என்றால் ஒருவர் கட்டைவிரலையும் சேர்த்து எண்ணுவார், இன்னொருவர் விட்டுவிட்டு எண்ணுவார். இந்தப் பக்கம் பட்டறையிலும் துறைமுகத்திலும் கையை வைத்துத்தான் சோறு. 1971ல் டாக்டர் ஆர். வெங்கடசாமி நம் ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் கைக்கென்றே தனிப் பிரிவு தொடங்கினார். அங்கே போகும் சீட்டில் 'எந்த விரல், எந்தக் கணு' என்று ஒரு வரி தெளிவாக இருக்கவேண்டும் என்று நான் எத்தனை புதுப் பிள்ளைகளிடம் சண்டை போட்டிருக்கிறேன் தெரியுமா?

ஆனால் பேஷண்டிடம் இந்த வார்த்தை ஒன்றும் வேண்டாம். "அண்ணா, முட்டியை மடக்குங்க", "அக்கா, அப்படியே ஒருக்களிச்சுப் படுங்க" என்று சொல். ஷீட்டில் மட்டும் படித்ததை எழுது.

பொங்கலுக்கு வரும்போது நீ வாங்கிய கோனியோமீட்டரை மறக்காமல் எடுத்து வா. பாட்டியைக் கட்டிலில் மல்லாக்கப் படுக்க வைக்கிறேன், முட்டி எத்தனை டிகிரி மடங்குகிறது என்று நீ அளந்து சொல். வலது முட்டி. பாட்டியுடைய வலது.

அன்புடன்,
அம்மா