புள்ளி வைத்த கையெழுத்து

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் சங்கரன்கோவில் பக்கம் மினி பஸ் ஓட்டுகிறேன். பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகன் காலாண்டுத் தேர்வில் கணக்கில் 27 வாங்கியிருந்தான். தேர்ச்சிக்கு 35 வேண்டும். மதிப்பெண் அட்டையில் என் கையெழுத்தை அவனே போட்டுவிட்டான். அவசரத்தில் போடுவதால் என் கையெழுத்தில் கடைசி எழுத்துக்குப் புள்ளியே இருக்காது. அவன் ஒழுங்காகப் புள்ளி வைத்திருந்தான். அதில்தான் மாட்டினான்.

கை ஓங்கினேன். அடுப்படியிலிருந்து என் அம்மா, "நீ மட்டும் என்னலே செஞ்ச?" என்றாள். அம்மாவுக்கு எழுதத் தெரியாது. 1992இல், எட்டாம் வகுப்பில், என் பெருவிரலையே மையில் உருட்டி அவள் கைநாட்டு என்று கொடுத்தேன். விரலில் இருந்த மையைப் பார்த்து அன்றைக்கே அவளுக்குத் தெரியுமாம்!

மகனிடம் காரணம் கேட்டேன். போன பெற்றோர் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் என்னை நிற்க வைத்துப் பேசினார்கள். "மறுபடி உங்கள நிக்க வச்சிருவாங்கன்னுதான்பா" என்றான். எனக்குப் பேச்சு வரவில்லை.

பள்ளிகள் இதைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லலாமே. வீட்டில் சொல்லத் தயங்கும் பிள்ளைகள் பேச 14417, 1098 உதவி எண்கள் இருக்கின்றன. வகுப்புச் சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள்.

அரையாண்டு அட்டையில் நானே கையெழுத்துப் போடுவேன், புள்ளி இல்லாமல்.

இப்படிக்கு,
மினி பஸ் ஓட்டுநர் ஒருவர்,
சங்கரன்கோவில்.